முதுகு அடிபட்ட நாய்க்குச் சிறுநீர் கட்டுப்பாடு போய்விட்டால்: வீட்டில் பார்த்துக்கொள்ள முழு வழிகாட்டி

வண்டியில் அடிபட்டோ, மொட்டை மாடியிலிருந்து விழுந்தோ, யாரோ கட்டையால் முதுகில் போட்டோ ஒரு நாய்க்குப் பின்னங்கால் இழுத்துக்கொண்டால், வீட்டார் கவனம் முழுக்கக் காலின் மேல்தான் இருக்கும். மருத்துவரிடம் கேட்கும் முதல் கேள்வியே "மறுபடி நடக்குமா?" என்பதுதான். சிறுநீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதுதான் சொட்டிக்கொண்டே இருக்கிறதே, படுக்கை நனைந்துதானே கிடக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள்.

சொட்டுவது வேறு, பை காலியாவது வேறு. மோட்டாரை நிறுத்த மறந்தால் மாடித் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே தண்ணீர் ஊற்றுவதால் தொட்டி காலி என்று யாரும் நினைப்பதில்லை. தண்டுவடம் அடிபட்ட நாயின் சிறுநீர்ப்பை பெரும்பாலும் அந்தத் தொட்டியின் நிலையில்தான் இருக்கிறது. பை ஓரிரு நாள் அளவுக்கு மீறி விரிந்து கிடந்தாலே அதன் தசை நைந்து, பிறகு நரம்பு சரியானாலும் சுருங்கும் திறனை இழந்துவிடலாம். தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகும், சிறுநீரகம் வரை ஏறும். பின்னங்கால் வராமலே பல ஆண்டுகள் நன்றாக வாழ்ந்த நாய்கள் நிறைய உண்டு. பையைக் காலி செய்யாமல் எந்த நாயும் அதிக நாள் தாங்காது.

முதல் இரண்டு நாள்

அடிபட்ட நாயைக் கையில் வாரித் தூக்காதீர்கள். பலகை, பழைய கதவு, கெட்டியான அட்டை என்று தட்டையாக எது கிடைத்தாலும் அதன்மேல் நகர்த்தி, தோளையும் இடுப்பையும் துணியால் கட்டி எடுத்துச் செல்லுங்கள். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். பழைய வேட்டியில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை கிழித்து வாயைச் சுற்றிக் கட்டிவிடுவது நல்லது. வாந்தி எடுத்தாலோ மூச்சு வாங்கினாலோ கட்டக் கூடாது.

வீட்டில் இருக்கும் வலி மாத்திரை எதுவும் வேண்டாம். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும்.

தெருநாய் என்றால் இன்னொரு எச்சரிக்கை. அடிபட்டதை யாரும் பார்க்கவில்லை, உடம்பில் காயமும் இல்லை, ஆனால் பின்னங்கால் இழுக்கிறது என்றால் அது வெறிநோயில் உடம்பு செயலிழக்கும் வாதவகையாகவும் இருக்கலாம். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாகவும் இருக்கலாம். மருத்துவர் பார்க்கும்வரை எச்சில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து பராமரிக்கப் போகிறவர் வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது.

மருத்துவமனையிலிருந்து கிளம்பும்முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்கிவிடுங்கள். சிறுநீர்ப்பை கிழியவில்லை என்று ஸ்கேனில் பார்த்தாயிற்றா? இடுப்பெலும்பு உடைந்திருக்கிறதா? அடி தண்டுவடத்தின் எந்தப் பகுதியில்? முதல் இரண்டும் தெளிவாகாமல், பையைக் காலி செய்வதற்காக வயிற்றை அழுத்திப் பிதுக்கவே கூடாது. பை கிழிந்த நாயும் கொஞ்சம் சிறுநீர் கழிக்கும் என்பதால், வெளியே வருகிறது என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய முடியாது. மூன்றாவது கேள்வியின் பதில்தான் அடுத்து வரும் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

விரலைக் கிள்ளினால் கால் உள்ளே இழுக்கிறது என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது தண்டுவடம் தன்னிச்சையாகச் செய்வது. கிள்ளும்போது நாய் தலையைத் திருப்புகிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா என்பதுதான் கணக்கு. ஆழ்ந்த வலி உணர்வு இருந்தால் நடையும் சிறுநீர்க் கட்டுப்பாடும் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. எலும்பு முறிந்து, அந்த உணர்வும் இல்லையென்றால் வாய்ப்பு மிகக் குறைவு.

இறுகிய பையா, தளர்ந்த பையா

நாயின் சிறுநீரை ஆளும் நரம்பு மையம் இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகளுக்குள், ஏறக்குறைய ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் இருக்கிறது. அடி அதற்கு மேலே, அதாவது நடுமுதுகில் விழுந்தால் மையம் பிழைத்திருக்கும். மூளையின் கட்டளை மட்டும் வராது. அப்போது சிறுநீர்க் குழாயின் வாய் இறுகிக்கொள்ளும். பை கல் மாதிரி விறைத்திருக்கும், அழுத்தினால் எளிதில் வராது, மிதமிஞ்சி நிரம்பியபின் பீய்ச்சும். டாஷ்ஹண்ட் நாய்களுக்கு முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு பிதுங்கும்போது பெரும்பாலும் இந்த வகைதான் வரும்.

அடி மையத்திலேயே அல்லது அதற்குக் கீழே, இடுப்பு முடியும் இடத்திலோ வால் மூட்டிலோ விழுந்தால் எல்லாம் தளர்ந்துவிடும். பை தொளதொளவென்று இருக்கும், கை வைத்தாலே சிறுநீர் வரும், நாயைத் தூக்கினால் வழியும். ஆசனவாயும் மூடாமல் திறந்தே இருக்கும். வால் தொங்கும். இந்த வகையைப் பிதுக்குவது எளிது, தோலைக் காப்பாற்றுவது கடினம். இறுகிய வகை இதற்கு நேர் எதிர்.

இறுகிய பை சில வாரங்களில் தானியங்கியாக மாறுவதும் உண்டு. நாயைத் தூக்கும்போதோ வயிற்றைத் தொடும்போதோ ஒரு வீச்சு சிறுநீர் வரும். "கட்டுப்பாடு வந்துவிட்டது" என்று வீட்டில் எல்லாரும் மகிழ்ந்துபோவது இந்தக் கட்டத்தில்தான். பாதிக்கு மேல் உள்ளேயே நிற்கும். பிதுக்குவதை நிறுத்திவிடாதீர்கள்.

எவ்வளவு சுரக்கிறது, எத்தனை தடவை எடுப்பது

நாய்க்குச் சிறுநீர் ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் 1 முதல் 2 மி.லி. வரை சுரக்கும். 10 கிலோ நாட்டு நாய் என்றால் 6 மணி நேரத்தில் 60 முதல் 120 மி.லி., ஏறக்குறைய ஒரு டீ டம்ளர். அந்த எடை நாயின் பை சிரமமில்லாமல் கொள்வது 100 மி.லி. அளவு. ஆகவே 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்பதுதான் சரியான கணக்கு. காலை 6, பகல் 12, மாலை 6, இரவு படுக்கும்முன் 11 என்று வைத்துக்கொண்டால் ஒரு குடும்பத்தால் தாங்க முடியும். இரவு இடைவெளி மட்டும் 7 மணி நேரம் வரும், பரவாயில்லை. 8 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

வேலை குறையும் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் கெட்டியானால் தொற்றும் கல்லும் சேர்ந்து வரும், தோலையும் அதிகம் எரிக்கும்.

ஒரு நோட்டில் நேரம், அளவு, நிறம், நாற்றம் நான்கையும் எழுதி வையுங்கள். பழைய அளவுக் கோப்பையில் பிடிக்கலாம். டயப்பரிலோ துணியிலோ போனதை அளக்கச் சமையல் தராசு போதும்: நனைந்த எடையிலிருந்து காய்ந்த எடையைக் கழித்தால் ஒரு கிராமுக்கு ஒரு மி.லி. என்று வரும். நாலு நாள் குறிப்பைப் பார்த்தாலே எங்கே பிசகுகிறது என்று மருத்துவருக்குப் புரிந்துவிடும்.

பிதுக்கி எடுக்கும் முறை

முதல் தடவை மருத்துவர் கையின் மேல் உங்கள் கையை வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். படித்து மட்டும் வருகிற வித்தை இல்லை. இங்கே சொல்வது வீட்டுக்கு வந்தபின் நினைவுபடுத்திக்கொள்ள.

1. கையுறை போடுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீரில் வரும், கையில் சின்ன வெட்டு இருந்தாலும் போதும். நாய்க்கும் அந்த நோய்க்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள்.

2. சிறிய நாயை உங்கள் இரு முழங்கால்களுக்கு நடுவில், தலை முன்பக்கம் பார்க்க நிறுத்திப் பிடியுங்கள். பெரிய நாயை ஒருக்களித்துப் படுக்கவைத்தே செய்யலாம். வயிற்றுக்கு அடியில் துண்டு கொடுத்துத் தூக்கி நிறுத்தினால் துண்டே பையை அழுத்தும்; ஒருவர் இடுப்பெலும்பைத் தாங்கிக்கொள்வதே நல்லது. முறிந்த முதுகெலும்பு இன்னும் ஒட்டாத நாயைப் படுக்கவைத்து மட்டும்தான் செய்ய வேண்டும்.

3. இரு உள்ளங்கைகளையும் கடைசி விலாவுக்குப் பின்னால் வயிற்றின் இருபுறமும் தட்டையாக வையுங்கள். மெல்ல அழுத்தியபடி பின்பக்கமாக நகருங்கள். தொடைக்குச் சற்று முன்னால், அடிவயிற்றில் தண்ணீர் ஊற்றிய பலூன் மாதிரி உருண்டையாகத் தட்டுப்படுவது பை. பெண் நாய்க்கு இன்னும் பின்தள்ளி, இடுப்பெலும்புக்குள் பாதி மறைந்திருக்கும். அதற்கு மேலே முதுகை ஒட்டி நீளமாக, அழுத்தினால் குழிகிற மாதிரி இருப்பது குடலில் நிற்கும் மலம். இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

4. அளவைக் கையாலேயே மதிப்பிடுங்கள். 10 கிலோ நாய்க்குக் காலியான பை நெல்லிக்காய் அளவு. 6 மணி நேரத்துக்குப் பின் சாத்துக்குடி. தேங்காய் அளவுக்குத் தட்டுப்பட்டால் ஒரு வேளை தவறியிருக்கிறது, அல்லது போன தடவை சரியாக வரவில்லை.

5. விரல் நுனியால் குத்தாமல், விரல்களைத் தட்டையாக வைத்து இரு கையையும் ஒன்றை நோக்கி ஒன்று சீராக அழுத்துங்கள். அழுத்தம் சற்று மேல்நோக்கியும் வாலை நோக்கியும் இருக்க வேண்டும். பற்பசைக் குழாயின் அடியிலிருந்து அழுத்துவது போல, பையின் முன்பகுதியிலிருந்து தள்ளுங்கள்.

6. அழுத்தியதும் வராது. இறுகிய பையானால் வாய் விட்டுக்கொடுக்க 5 முதல் 10 வினாடி பிடிக்கும். அழுத்தத்தைக் கூட்டாமல் அப்படியே நில்லுங்கள். வரத் தொடங்கியதும் பை சுருங்கச் சுருங்கக் கையும் கூடவே போக வேண்டும். விட்டு விட்டு அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் வாய் மறுபடி இறுகும்.

7. தாரை நின்றதும் கையை எடுத்து அரை நிமிடம் பொறுத்து, மறுபடி தேடிப் பிடித்து இரண்டாம் தடவை எடுங்கள். முடியும்போது உருண்டை போய், காற்றுப் போன பலூன் மடிந்து கிடப்பது போலக் கைக்குத் தட்டுப்படும். அந்த உணர்வு வரும்வரை வேலை முடியவில்லை.

நாய் வயிற்றை எக்கிக்கொண்டால் ஒன்றும் நடக்காது. அது மூச்சை விடும் நேரத்தில் அழுத்தத்தைத் தொடங்குங்கள். சாப்பாட்டுக்கு முன் செய்வது வசதி. நிறைந்த வயிற்றில் பையைத் தேடுவதும் சிரமம், வாந்தியும் வரும். வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் பெண் குறியையோ ஆண் குறியின் தோல் முனையையோ தடவினால் சில நாய்களுக்கு அனிச்சையாகவே தாரை தொடங்கும்.

ஆண் நாய்க்கு இன்னொன்று. தண்டுவட அடிக்குப் பிறகு குறி வெளியே வந்து உள்ளே போகாமல் நிற்பதுண்டு. உணர்வில்லாததால் நாய் காட்டிக்கொடுக்காது. ஒவ்வொரு தடவையும் பாருங்கள். வெளியே நின்றால் மருத்துவமனைகளில் பயன்படுத்தும் வழுக்கு ஜெல்லியைத் தடவி ஈரம் காயாமல் வைத்து மெல்ல உள்ளே தள்ளுங்கள். அரை மணி நேரத்தில் போகாவிட்டால் மருத்துவரிடம் கிளம்புங்கள்.

வராவிட்டால்

நன்றாக அழுத்தியும் ஒரு சொட்டு வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். நிரம்பிய பை பலூன்தான், வெடிக்கும். ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். அப்போதும் வரவில்லை, பை பெரிதாகிறது என்றால் அன்றே மருத்துவரிடம் போய்க் குழாய் போட்டு எடுக்க வேண்டும். 12 மணி நேரமாகச் சிறுநீரே வராத நாயை மறுநாளைக்குத் தள்ளக் கூடாது.

சிறுநீர்க் குழாயின் இறுகிய வாயைத் தளர்த்த பிரசோசின் அல்லது டாம்சுலோசின் தருவார்கள். கூடவே டயஸிபாம் சேர்ப்பதும் உண்டு. பிரசோசின் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து என்பதால் முதல் சில நாள் நாய் சோர்ந்து தள்ளாடினால் உடனே சொல்லுங்கள். பையைச் சுருங்கவைக்க பெத்தனிகால் இருக்கிறது. வாய் திறக்காமல் அதை மட்டும் கொடுப்பது மூடிய கதவின்மேல் கூட்டத்தைத் தள்ளுவது போல, அதனால் வரிசை முக்கியம். மருந்துக் கடையில் இவையெல்லாம் மனிதர் அளவில்தான் கிடைக்கும். நாய்க்கு எவ்வளவு கொடுப்பது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிரந்தரமாகக் குழாயை வைத்துவிடலாமே என்று கேட்பார்கள். நாள் ஆக ஆகக் குழாய் வழியாகவே கிருமி ஏறும். ஆரம்ப நாட்களுக்கு மட்டும் சரி.

தொற்று

சாதாரண நாய்க்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் அடிக்கடி முக்கும், எரிச்சலில் நக்கும். உணர்வில்லாத நாய்க்கு அந்த அடையாளம் எதுவும் இல்லை. நாற்றம் மாறுவது, கலங்கலாக வருவது, இளஞ்சிவப்பு நிறம், சாப்பாட்டில் மந்தம், காய்ச்சல், இதுவரை எளிதாக வந்த சிறுநீர் திடீரென்று வராமல் போவது: இவைதான் உங்களுக்குக் கிடைக்கும் தடயம்.

சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் காகிதப் பட்டை சோதனையை நம்ப வேண்டாம். அதில் வெள்ளணுக் கட்டம் நாய்க்குச் சரியாக வேலை செய்வதில்லை. மருத்துவர் ஊசி மூலம் பையிலிருந்தே நேரடியாக எடுத்துக் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, செய்வதுதான் கணக்கு. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதும் அதிலேயே தெரியும். சென்ற தடவை மீந்த ஆன்டிபயாட்டிக்கை எடுத்துக் கொடுப்பது, "வராமல் இருக்க" என்று தொடர்ந்து கொடுப்பது இரண்டும் கிருமியைப் பழக்கி விடும். பிறகு உண்மையான தொற்றுக்கு எந்த மருந்தும் பிடிக்காது. நாய்களுக்கு வரும் சிறுநீர்க் கற்களில் ஒரு பெரும் வகை தொற்றினாலேயே உண்டாவது. அதனால் அடிக்கடி தொற்று வரும் நாய்க்கு ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

மலம்

இது சிறுநீரைவிட எளிது, ஏனென்றால் குடல் தானாகவே நகர்த்தும். சாப்பிட்ட கால் மணி முதல் அரை மணிக்குள் குடல் அசையும். அந்த நேரத்தில் நாயைப் பழைய பேப்பர் மேல் நிறுத்தி, குளிர்ந்த ஈரத் துணியாலோ பஞ்சாலோ ஆசனவாயைச் சுற்றி வட்டமாகத் தடவுங்கள். வால் தூக்கும், ஆசனவாய் திறக்கும், மலம் வரும். உள்ளே விரல் விடத் தேவையில்லை. இரண்டு வேளையும் ஒரே நேரத்தில் சோறு போட்டால் இரண்டே வாரத்தில் நேரம் பிடிபடும்.

மலம் கெட்டியாக உருண்டு வந்தால்தான் இதெல்லாம் நடக்கும். பாலும் சோறும் என்று போட்டால் வயிற்றால் போய் வாலடியெல்லாம் நாறும். பாலை நிறுத்துங்கள். சோறு, வேகவைத்த கோழி அல்லது முட்டை, அதோடு வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி 10 கிலோ நாய்க்கு இரண்டு தேக்கரண்டி போதும். இறுகினால் இசப்கோல் அரைத் தேக்கரண்டியை நிறையத் தண்ணீரில் கலந்து சோற்றில் விடுங்கள். தண்ணீர் குறைந்தால் அதுவே குடலில் அடைத்துக்கொள்ளும். வெங்காயம் போட்ட குழம்புச் சோறு எந்த நாய்க்கும் ஆகாது. மலம் இரண்டு நாள் வராவிட்டால் பாருங்கள்: நிறைந்த மலக்குடல் சிறுநீர் வழியையும் நெருக்கும்.

டயப்பர்

டயப்பர் தரைக்காக, நாய்க்காக அல்ல. பையைக் காலி செய்வதற்கு அது மாற்று ஆகாது. விருந்தாளி வரும்போதும், நாய் கட்டிலில் உங்களோடு கிடக்கும்போதும் போடுங்கள். மற்ற நேரம் காற்றாட விடுங்கள்.

ஆண் நாய்க்கு வயிற்றைச் சுற்றி ஒரு துணிப் பட்டை, உள்ளே ஒரு சானிட்டரி பேட் போதும். பட்டை குறியை மூட வேண்டும், தொடை இடுக்கில் அறுக்கக் கூடாது. பட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். பெண் நாய்க்குக் குழந்தைகள் டயப்பரில் வாலுக்கு ஒரு ஓட்டை வெட்டி, வெட்டிய ஓரத்தில் ஜெல் கொட்டாதபடி மருத்துவ டேப் ஒட்டிவிடுங்கள். 3, 4 மணி நேரத்துக்கு மேல் ஒரே டயப்பர் வேண்டாம். மலம் பட்ட டயப்பரை உடனே கழற்றுங்கள். பெண் நாய்க்குத் தொற்று ஏறும் குறுக்குவழி அதுதான். தோல் சிவந்திருந்தால் அன்று டயப்பரே கிடையாது.

டயப்பரோ சாக்ஸோ கழன்றுவிடுகிறது என்று ரப்பர் பேண்டு போடாதீர்கள். அது தோலை அறுத்து எலும்பு வரை இறங்கினாலும் உணர்வில்லாத நாய் சத்தம் போடாது. நூல், கயிறு எல்லாவற்றுக்கும் இதே விதி.

தோல், ஈ, புழு

தொடை இடுக்கு, வாலடி, விதைப்பை, குறியைச் சுற்றிய இடம், இவற்றில் உள்ள மயிரை ட்ரிம்மரால் ஒட்ட வெட்டிவிடுங்கள். கத்தரிக்கோல் தோலைப் பிடித்துவிடும். காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீரை மக்கில் ஊற்றி இடுப்புக்குக் கீழே மட்டும் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஃபேனுக்கு அடியில் பத்து நிமிடம். முழுதும் காய்ந்தபின் மெல்லிய பூச்சாக வாசலைனோ தேங்காய் எண்ணெயோ தடவினால் அடுத்த ஈரம் தோலில் ஒட்டாது.

செய்யக் கூடாதவை இதில் அதிகம். டெட்டால் தோலை எரிக்கும், நக்கினால் நஞ்சு. பவுடர் ஈரத்தோடு சேர்ந்து களிபோல மடிப்புகளில் அடைந்துகொள்ளும். குழந்தைகளின் டயப்பர் கிரீம்கள் பலவற்றில் துத்தநாக ஆக்சைடு இருக்கிறது. நாய் நக்கி விழுங்கினால் இரத்த அணுக்கள் உடையும். கிரீம் டியூபின் பின்னால் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

புண் வந்துவிட்டால், 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கரைசல் 25 மி.லி.யை ஒரு லிட்டர் ஆறவைத்த கொதிநீரில் கலந்து கழுவலாம். பொவிடோன் அயோடினானால் இளம் டீ நிறம் வரும்வரை தண்ணீர் சேர்க்க வேண்டும். நேராக ஊற்றினால் புண் ஆறுவது தள்ளிப்போகும்.

நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் இந்த நாய்களைக் கொண்டுபோவது பல நேரம் புழு. சிறுநீர் நாற்றம் பட்ட ஈரப் புண்ணில் ஈ முட்டை வைத்தால் ஒரு நாளுக்குள்ளேயே பொரிந்துவிடும். முட்டை மயிரடியில் துருவிய தேங்காய்த் துகள் போல வெள்ளையாக ஒட்டியிருக்கும். இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட்டால் பேன்சீப்பால் வாரி எடுத்து அந்த இடத்தை மழித்துவிட்டால் முடிந்தது. பார்க்காமல் விட்டால் மறுநாள் புண்ணில் ஒரு சின்னத் துளை, அதிலிருந்து அழுகல் வாடை, உள்ளே அசைவு. அப்போது புழுக் காயத்துக்கான ஸ்பிரேயை மருத்துவர் சொன்னபடி அடித்து, முனை மழுங்கிய இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். டர்பன்டைன் வழக்கத்தில் இருக்கிறது. பஞ்சில் சில சொட்டு விட்டுப் புண்ணின் துளை வாயில் வைத்தால் மூச்சுக்குப் புழு மேலே வரும் என்பது உண்மைதான். ஆனால் ஊற்றினால் சதையை எரிக்கும், உடம்பில் ஏறும். ஃபினாயில், மண்ணெண்ணெய், பெட்ரோல் மூன்றும் நாயைக் கொல்லும். வாலடி, குறி, ஆசனவாய் பக்கத்தில் புழு என்றால் வீட்டில் கை வைக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். தடுக்க மிக மலிவான வழி ஒன்றுதான்: பகலிலும் படுக்கைக்குக் கொசுவலை கட்டுவது.

படுக்கையும் தரையும்

நான்கு அங்குல ஃபோம், அதன்மேல் ரெக்ஸின் உறை, அதன்மேல் நாலாக மடித்த வேட்டி அல்லது லுங்கி. நனைந்த துணியை உருவிவிட்டு அடுத்ததைப் போட வேண்டும், அவ்வளவுதான். சாக்கு வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைக்கும், தோலையும் உராயும். கயிற்றுக் கட்டிலில் ஈரம் வடிந்துவிடும் என்பது சரிதான், ஆனால் உணர்வில்லாத கால் இடுக்கில் விழுந்து முறுக்கிக்கொள்ளும்.

தானாகப் புரள முடியாத நாயை 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றுங்கள். சிறுநீர் எடுக்கும் நேரங்களோடு சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளலாம். இடுப்பு முட்டி, முழங்கை, கணுக்கால், உட்காரும் எலும்பு ஆகிய இடங்களில் மயிர் உதிர்ந்து தோல் சிவந்தாலே படுக்கைப் புண் ஆரம்பம்.

முன்னங்காலால் இழுத்துக்கொண்டு போகும் நாய்க்குச் சிமெண்டுத் தரை எமன். ஒரே மாலையில் விரல் முனை தேய்ந்து எலும்பு தெரியும். வழுவழுப்பான நைலான் துணியில் பின்னுடலை உள்ளே விடும் அளவுக்கு ஒரு பை தைத்து, தோள்பட்டை வழியாகப் பட்டை போட்டு மாட்டிவிடலாம். நாளுக்கு ஓரிரு மணி நேரம் மட்டும், ஈரமானால் உடனே கழற்றி. மதிய வெயிலில் மாடித் தரையில் விடுவதும், வெந்நீர்ப் பை ஒத்தடமும் வேண்டாம், சுடுவது அதற்குத் தெரியாது. சில நாய்கள் மரத்துப்போன விரலையோ வாலையோ கடித்தே தின்றுவிடும். அப்படித் தொடங்கினால் அன்றே கழுத்துக் கூம்பை மாட்டி மருத்துவரைப் பாருங்கள்.

துணிகளை வாளித் தண்ணீரில் அரைக் கப் வெள்ளை வினிகர் விட்டு அரை மணி ஊறவைத்துச் சோப்புப் போட்டு அலசினால் நாற்றம் போகும். சிறுநீர் பட்ட துணியிலோ தரையிலோ பிளீச்சிங் பவுடரை நேராகப் போடாதீர்கள், வினிகரோடும் சேர்க்காதீர்கள். இரண்டிலும் நுரையீரலை எரிக்கும் வாயு கிளம்பும். தரையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, நல்ல தண்ணீரால் மறுபடி துடைத்தால் போதும். அந்தத் தரையில்தான் நாய் படுக்கிறது, தன் உடம்பைத்தான் நக்குகிறது. மழைக்காலத்தில் துணி காயாது என்பதால் ஐப்பசிக்குள் குறைந்தது இருபது துணி சேர்த்து வையுங்கள்.

தானாகப் போகத் தொடங்கினால்

உண்மையான கட்டுப்பாடு திரும்பும்போது சில மாற்றம் தெரியும். படுக்கை காய்ந்திருக்கும் நேரம் நீளும். கழிக்கும்முன் நாய் அமைதியில்லாமல் இருக்கும், வாசலைப் பார்க்கும், முனகும். வெளியே கொண்டுபோனதும் போகும். அப்போதும் கையை நம்புங்கள். நாய் தானாகப் போய் முடித்தவுடன் பையைத் தேடிப் பிதுக்கி, மீந்ததை அளந்து எழுதுங்கள். நல்ல நாய்க்கு ஒரு கிலோவுக்கு அரை மி.லி.கூட மீறாது, 10 கிலோ நாய்க்கு ஒரு தேக்கரண்டி. நாலைந்து தேக்கரண்டி வந்தால் பை இன்னும் முழுதாகச் சுருங்கவில்லை, பிதுக்குவதைத் தொடர வேண்டும்.

மீதி ஒரு வாரம் தொடர்ந்து தேக்கரண்டிக்குள் நின்றால் முதலில் பகல் 12 மணி வேளையை விடுங்கள். அடுத்த வாரம் மாலை வேளை. இரவு 11 மணி வேளையைக் கடைசியாக விட வேண்டும், அதற்குப் பின்னால்தான் நீண்ட இடைவெளி வருகிறது. முழுவதும் நிறுத்தும்முன் ஒரு ஸ்கேனில் மீதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்தி ஒரு மாதம் கழித்து ஒரு தடவை கல்ச்சர் எடுங்கள். அதுவரை வீட்டில் இரண்டாவதாக ஒருவரும் பிதுக்கக் கற்றிருக்க வேண்டும். உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் நாய்க்கு அந்த 6 மணிக் கணக்கு மாறாது.